ரப்பர் மெத்தையில் படுத்த பேஸ் கிட்டார்

கலவானையில் ஒரு தங்கச்சி புது பேஸ் கிட்டார் வாங்கியிருக்கிறாள். எங்கள் பக்கத்து இசைக்குழுக்காரர்கள் எல்லாரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் அதன் படத்தைப் போட்டு, “கீறல் விழாம, தேயாம எப்படிங்க வச்சிக்கிறது? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க” என்று கேட்டிருந்தாள். நியாயமான கேள்வி. வந்த பதில்தான் அநியாயம். ஒருத்தர் விடாமல் எழுதினார்கள்: “கோபால் அண்ணன கேளும்மா.” கீழே வரிசையாகச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள். அதற்கும் கீழே, எந்தப் புண்ணியவானோ அந்த வீடியோவைத் தேடிப் பிடித்துப் போட்டிருந்தான்.

அதில் வெள்ளைச் சட்டையோடு மல்லுக்கட்டுகிற மனிதன் நான்தான். பார்த்தவர்கள் சிரித்தால் எனக்குக் கோபமில்லை. மற்றவன் என்றால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் அந்த வீடியோ சட்டையோடு முடிந்துவிடுகிறது. எனக்கு வெட்கம் தருவது சட்டையில்லை. அதைத்தான் தங்கச்சிக்கு எழுத உட்கார்ந்தேன். வாட்ஸ்அப் தாங்காது என்று தெரிந்ததும் கட்டுரையாகிவிட்டது.

எனக்கு இரண்டு தொழில். சம்பளமும் சேமலாப நிதியும் தந்தது யட்டியாந்தோட்டைப் பக்கத்து ரப்பர் பெக்டரி. பெயர் தந்தது பேஸ் கிட்டார். அந்தப் பெயரையும் இப்போது பார்த்தீர்கள். ரப்பர் பாலை அமிலம் ஊற்றி உறைய வைத்து, உருளையில் கொடுத்து, வரிவரியாக மெல்லிய கிரேப் தகடாக இழுத்து, உலர் மாடியில் தொங்கவிடுவது பகல் வேலை. ஞாயிறும் திருவிழாவும் கல்யாணமும் வந்தால் மேடை வேலை. பேஸ் பழகியதைப் பற்றிப் பெரிதாக ஒன்றுமில்லை. சாதாரண கிட்டாரில் மேல் கம்பி இரண்டைக் கழற்றிவிட்டுப் பழகினேன். பாட்டுக் கேட்கிறவர்கள் யாரும் பேஸைக் கேட்பதில்லை, நிறுத்தினால் மட்டும் “என்னமோ குறையுது” என்பார்கள். தவறு செய்தாலும் தெரியாத வேலை என்பதால்தான் அதைத் தெரிந்தெடுத்தேன் என்று என் மனைவி இந்திராணி சொல்வாள். அவள் சொல்வதில் பாதி பொய்யாக இருக்கும், இது மற்றப் பாதி.

எங்கள் இசைக்குழுவை நடத்தியவர் சிவபாதம் மாஸ்டர். எங்கள் ரப்பர் தோட்டப் பாடசாலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கணக்கு வாத்தியார். இரண்டு வருடத்தில் மாற்றம் வாங்கிக்கொண்டு போய்விடுவார் என்றார்கள். பென்ஷன் வரைக்கும் இருந்தார். கறுத்து அடர்ந்த தலைமுடி, அதில் தேங்காயெண்ணெய் எப்போதும் மினுமினுக்கும். இழுத்து வாரியிருப்பார், வெயிலில் நின்றால் எண்ணெய் நெற்றிவரைக்கும் இறங்கும்.

மாஸ்டரிடம் இரண்டு வழக்கங்கள். கருவிகளைச் சுருதி சேர்க்கும்போது மெஷினை நம்பமாட்டார். “கொண்டா இஞ்ச” என்று வாங்கி, கிட்டாரோ வயலினோ, மரத்தில் காதை அப்படியே ஒட்டி வைப்பார். கண்ணை மூடிக்கொள்வார். “மரம் என்ன சொல்லுதெண்டு முதல்ல கேக்க வேணும்” என்பார். நாங்கள் கம்பியைத் தட்ட வேண்டும். அவர் தலை மெல்ல ஆடினால் சரி, ஆடாவிட்டால் திருகு.

மற்ற வழக்கம் கோபம். பிடித்தவர்களை “நீ” என்பார், “டாப்பா” என்பார். திட்டும்போதும் அப்படித்தான். “எந்தப் பாட்டுக்கடாப்பா நீ வாசிக்கிறாய், நாங்கள் வேற பாட்டெல்லோ பாடுறம்!” என்று கத்தினால் எல்லாரும் சிரிப்போம். உண்மையாகவே மனம் விட்டுப்போனால் மட்டும் மரியாதை வந்துவிடும். ஒரு தடவை குடித்துவிட்டு மேடையேறிய பாடகனிடம் போய், மிக மெதுவாக, “நீங்கள் இனி வரத் தேவையில்லை, என்ன” என்றார். அவ்வளவுதான். அந்த “நீங்கள்” விழுந்த பிறகு அவன் திரும்பி வரவேயில்லை. அதனால் எங்களுக்கு மாஸ்டரின் கத்தலுக்குப் பயமில்லை, மரியாதைக்குத்தான் பயம்.

அவருடைய தம்பி கனடாவில் இருந்தார். ஒரு வருடம் அங்கிருந்து பெரிய பெட்டி ஒன்று வந்தது. திறந்தால் பேஸ் கிட்டார். புத்தம் புதியது. கருஞ்சிவப்பு நிறம். முன்னால் நின்று பல்லில் சிக்கிய கீரையை எடுக்கலாம், அவ்வளவு பளபளப்பு. பழைய காலத்து முறையில் பாலிஷ் பூசியதாம், அதுதான் அதன் விசேஷமாம். தம்பி அனுப்பியது அண்ணனுக்கு. அண்ணனுக்கோ பேஸ் வாசிக்கத் தெரியாது. பெட்டியை என் பக்கம் தள்ளி, “இந்தா. உன்ரை கையில தாறன். கவனமா வைச்சிரு” என்றார்.

அந்தக் கடைசிச் சொல்லைச் சொல்லாமலிருந்தால் எல்லாம் நன்றாகவே நடந்திருக்கும்.

எனக்கு ஏற்கனவே ஒரு கெட்ட பெயர் இருந்தது. இளவயதில் சிங்கமுகப் பக்கிள் வைத்த பெல்ட் ஒன்று கட்டுவேன். இரவல் வாங்கிய பேஸின் முதுகில் அந்தச் சிங்கம் நகம் பதித்துவிட்டது. அவிசாவளையில் இருந்த அதன் சொந்தக்காரர், வருகிறவன் போகிறவனிடமெல்லாம் முதுகைத் திருப்பிக் காட்டினார். இந்தத் தடவை என் பேரில் ஒரு கோடு கூட விழக்கூடாது என்று முடிவெடுத்தேன்.

முதலில் பெல்ட்டைத் துறந்தேன். பெல்ட் இல்லாமல் காற்சட்டை நிற்காது, எனக்கு இடுப்பு என்ற ஒன்று இல்லை. பெக்டரியிலிருந்து ரப்பர் நாடா ஒன்று வெட்டிக் கட்டிக்கொண்டேன். சட்டைப் பொத்தான் உரசும் என்று இந்திராணியைக் கெஞ்சி, பொத்தானையெல்லாம் எடுத்துவிட்டு உட்பக்கம் பிரஸ் பட்டன் தைக்கச் செய்தேன். முன் தட்டில் கடைக்காரன் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்கவேயில்லை. எங்கள் வீட்டில் டி.வி. ரிமோட்டுக்கும் சோபாவுக்கும் உள்ள சட்டம்தான் பேஸுக்கும். ஒரு பாட்டு முடிந்தால் துணியால் கம்பி துடைப்பேன், கழுத்து துடைப்பேன், மரம் துடைப்பேன்.

“கல்யாணம் கட்டி வந்தப்ப என்னைய ஒரு நாளாச்சும் இப்படிப் பாத்தீங்களா?” என்றாள் இந்திராணி.

“நீ கனடாவுல இருந்து வரலியே.”

அன்றைக்குச் சோறு தாமதமாகத்தான் வந்தது.

கீபோர்ட் வாசித்த நிமல் நல்ல சிங்களப் பையன், தமிழும் சரளம், அண்ணனுக்கு மட்டும் சிங்களத்தில் ‘ஐயே’தான். “கோபால் ஐயே, அதுக்கு ஒரு பேர் வச்சி ஸ்கூல்ல சேத்துருங்க” என்பான். எல்லாரும் சிரிப்பார்கள், நான்தான் அதிகம் சிரிப்பேன். கோமாளி வேடம் எனக்குப் பழக்கம்.

பிறகு அந்த ஞாயிறு வந்தது. பாடசாலை மண்டபத்தில் ஒத்திகை. மாஸ்டர் வழக்கம்போல ஒவ்வொரு கருவியாக வாங்கிக் காதை வைத்துக்கொண்டு வந்தார். என் முறை வந்தது. “கொண்டா இஞ்ச, இதின்ரை மரம் என்ன சொல்லுதெண்டு பாப்பம்” என்று குனிந்தார். முகத்தில் ஒரு சின்னப் பிள்ளைச் சந்தோஷம். தம்பி அனுப்பிய மரம் அல்லவா? அவருடைய தலை இறங்கியது. எனக்கு அந்தத் தலை தெரியவில்லை. அதிலிருந்த எண்ணெய்தான் தெரிந்தது.

“மாஸ்டர், மாஸ்டர், இருங்க! எண்ணெ!” என்றேன். என் தோளில் கிடந்த துடைக்கிற துணியை எடுத்து மரத்தின்மேல் விரித்து, “இப்ப வைங்க” என்றேன்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாஸ்டர் நிமிர்ந்தார். கையால் தலையை ஒருமுறை தடவினார், பிறகு அந்தக் கையைப் பார்த்தார். “ஓமோம், சரிதான். பழுதாப்போகும்” என்றார். துணிக்கு மேல் காதை வைக்கவில்லை. “சுருதி சரியாத்தான் இருக்கும், தொடங்குவம்” என்று போய்விட்டார்.

நான் துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டேன். கவனமாக வைத்திருக்கிறேன் என்று எனக்குள் பெருமை வேறு.

சில மாதத்தில் மாஸ்டருக்கு ஓய்வு. ஊருக்கே போகிறார் என்று முடிவாயிற்று. பாடசாலையில் பிரியாவிடை, பகல் நேர நிகழ்ச்சி, நாங்கள்தான் கச்சேரி. மாஸ்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “தம்பி போனில பாக்கப் போறான். அங்கை விடிஞ்சிராது, அலாரம் வைச்சு எழும்புறானாம். தான் அனுப்பின பேஸை ஒருக்கா மேடையில பாக்க வேணுமாம். வடிவாக் காட்டிப்போடு, என்ன.”

அது மழைக்காலம். எங்கள் பக்கம் மழை பிடித்தால் செருப்பில் பூஞ்சணம், பெட்டியில் பூஞ்சணம், இரண்டு நாள் கும்பிடாமல் விட்டால் சாமி படத்திலும் பூஞ்சணம். வீட்டில் வைத்தால் பேஸ் என்னவாகும்? ஊரில் ஈரமே இல்லாத இடம் ஒன்றுதான், எங்கள் பெக்டரியின் உலர் மாடி. கீழிருந்து சூடு ஏறிக்கொண்டே இருக்கும். பெக்டரி ஐயாவிடம் கேட்டேன். “கிட்டாரையும் காயப்போட போறியா கோபாலு? வையி வையி” என்று சிரித்தபடி விட்டார். கழிவு கிரேப் துண்டும் கேட்டேன், தந்தார். வெள்ளை வெளேரென்று, குழந்தைக் கன்னம் மாதிரி மெத்தென்ற கிரேப். அதைப் பெட்டிக்குள் அடுக்கடுக்காகப் பரப்பினேன். பேஸை மல்லாக்கப் படுக்க வைத்தேன். லாரியிலிருந்து விழுந்தாலும் ஒரு கோடு விழாது. ஆயுள் முழுக்க ரப்பர் செய்த எனக்கு, உலகத்தில் ரப்பரைவிடப் பாதுகாப்பான பொருள் ஒன்று இருக்கும் என்று தோன்றவில்லை. ஒத்திகைக்கு, முன்பு நான் வாசித்த பழைய பேஸையே கொண்டுபோனேன். புதியது பிரியாவிடை வரைக்கும் சூட்டில் சுகமாகத் தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மழைக்காலம் முழுதும் தூங்கியது.

பிரியாவிடை அன்று மேடைக்குப் பின்னால்தான் பெட்டியைத் திறந்தேன். முகம் பளபளவென்று சிரித்தது. கழுத்தைப் பிடித்துத் தூக்கினேன். வரவில்லை. பெட்டியும் சேர்ந்து எழும்பியது. நிமலைப் பெட்டியைப் பிடிக்கச் சொல்லி இழுத்தேன். புண்ணிலிருந்து பிளாஸ்டர் உரிக்கிற சத்தம். முதுகைத் திருப்பினால் சிவப்பெல்லாம் இளகிக் கிடக்கிறது. கிரேப்பின் வரிகள் ஒன்று விடாமல் பதிந்திருக்கின்றன, அங்கங்கே வெள்ளை ரப்பர் ஒட்டியிருக்கிறது. விரலை வைத்தேன். பலாப்பால் மாதிரி இழுத்தது.

“ஐயே,” என்றான் நிமல், “இது காயல்லியே!”

வெளியே வரவேற்புரை முடிந்து கைதட்டுகிறார்கள். பழைய பேஸ் வீட்டில். வேறு வழியில்லை. முன்பக்கம் நன்றாகத்தானே இருக்கிறது, பேஸின் முதுகை யார் பார்க்கப் போகிறார்கள் என்று தோளில் மாட்டிக்கொண்டேன்.

தகரக் கூரை. மழைவிட்டு அடித்த வெயில். வாசிக்க வாசிக்க வயிற்றில் சூடு ஏறுவது தெரிந்தது. பேஸ் வழக்கத்தைவிட ஆடாமல் அசையாமல் நின்றது. நல்லதுதான் என்று நினைத்தேன். மாஸ்டர் முன் வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருந்தார். கையில் போன், அதில் சின்னதாகத் தம்பியின் முகம். கடைசிப் பாட்டு முடிந்ததும் அவரே மேடையேறி வந்தார். போனை என் பக்கம் பிடித்தார்.

“தம்பி, இஞ்ச பார், உன்ரை பேஸ். இவன்தான் கோபால், பிள்ளை மாதிரிப் பாக்கிறான்.” பிறகு என்னிடம், “கழட்டி ஒருக்காத் திருப்பிக் காட்டடாப்பா, அவன் முழுக்கப் பாக்கட்டும்.”

“பொறகு காட்டுறேங்க மாஸ்டர்.”

“பிறகென்ன பிறகு, எனக்குப் பஸ் இருக்கு. கழட்டு.”

சபையும் கைதட்டியது. நான் வார்ப்பட்டையைத் தலைக்கு மேலாகத் தூக்கினேன். பட்டை வந்தது. பேஸ் வரவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தேன். டப் டப் டப் டப் என்று பிரஸ் பட்டன் எல்லாம் திறந்துகொண்டன. சட்டையின் முன்பக்கம் பேஸோடு போனது, கைகள் இரண்டும் சட்டையோடு போயின. வயிறு வெளியே வந்தது. அதன்கீழே வெள்ளை ரப்பர் நாடா. எல்லாரும் பார்க்கிறார்கள் என்று நான் வயிற்றை எக்கினேன். எக்கியதும் நாடாவுக்குப் பிடிப்பு போயிற்று. ஒரு கையால் காற்சட்டையைப் பிடித்தேன். மற்றக் கை சட்டைக்குள், சட்டை பேஸில். நான் ஒரு சுற்றுச் சுற்றினேன், பேஸும் என்னோடு சுற்றியது. நிமலுக்கு என்ன புத்தியோ, சபையையே ஆட வைக்கிற பைலா தாளம் ஒன்றைப் போட்டுவிட்டான். மண்டபம் இடிந்து விழுகிற மாதிரிச் சிரிப்பு. வீடியோவில் இருப்பது இவ்வளவும்தான்.

வீடியோவில் இல்லாதது இனி.

நான் சுற்றி நின்றபோது பேஸின் முதுகு மாஸ்டரின் முகத்துக்கு நேரே இருந்தது. அவர் சிரிக்கவில்லை. போனைத் தன் நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டார், தம்பி அதைப் பார்க்காதபடி. அந்த இளகிய சிவப்பையும் ரப்பர் வரிகளையும் கொஞ்ச நேரம் பார்த்தார். கையை நீட்டினார், தொடவில்லை, இழுத்துக்கொண்டார். தொடலாமா என்று யோசித்தவர் மாதிரி இருந்தது. அந்தத் தயக்கத்தை அவருக்குப் பழக்கியவன் நான்.

“பரவாயில்லை,” என்றார் மிக மெதுவாக. “நீங்கள் உள்ள போய் உடுப்பை மாத்துங்கோ.”

நீங்கள்.

உள்ளே போனேன். இந்திராணி கத்தரிக்கோலால் சட்டையை வெட்டி என்னைப் பிரித்தெடுத்தாள். வெளியே வருவதற்குள் மாஸ்டர் பஸ் ஏறிவிட்டார்.

பேஸை இரத்தினபுரியில் கிட்டார் பழுது பார்க்கிற ஒருவரிடம் கொண்டுபோனேன். பார்த்தவுடனே கேட்டார், “ஐயே, மேக்க ரபர் உட தெம்மாத?” ரப்பர் மேல் வைத்தீர்களா என்று. தலையாட்டினேன். “ரபர் எக்கயி மே பொலிஷ் எக்கயி தரஹயி” என்றார். இந்தப் பாலிஷுக்கும் ரப்பருக்கும் கோபமாம், இரண்டையும் பக்கத்தில் வைக்கவே கூடாதாம். கிட்டார் மாட்டுகிற ஸ்டாண்டில் இருக்கிற சின்ன ரப்பர்கூட ஆகாதாம். சூடும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாமாம். “இது யார்ட்ட?” என்று தமிழில் கேட்டார். “ஒரு மாஸ்டரோடது” என்றேன். முதுகைச் சுரண்டி வெறும் மரமாக்கித் தந்தார்.

அதற்குப் பிறகு நான் அதை மாமூலாக வாசித்தேன். பிளாஸ்டிக் தாளை உரித்தேன். பொத்தான் போட்டேன், பெல்ட் கட்டினேன். கல்யாண வீடுகளில் பிள்ளைகள் ஓடிவந்து கம்பியை இழுத்தால் இழுக்கட்டும் என்று விட்டேன். கித்துல்கல பக்கம் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் அதன் மேல் கறிக்கையைக்கூட வைத்தார். கீறல் இல்லாத இடத்தை இன்றைக்குத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தீபாவளிக்கும் மாஸ்டருக்குப் போன் எடுப்பேன். “நீங்கள் சுகமா இருக்கிறீங்களோ? வீட்டில எல்லாரும் சுகமோ?” என்பார். குறையே சொல்ல முடியாத மரியாதை. போனை வைத்துவிட்டு நான் கோமாளித்தனமாக ஏதாவது சொல்வேன், இந்திராணி சிரிக்கமாட்டாள்.

இந்த வருடம் நான் பெக்டரியிலிருந்து ஓய்வு பெற்றேன். விரலும் முன்போல மடங்குவதில்லை, மேடையையும் விட்டேன். அதே மாதம் பழைய மாணவி ஒருத்தியின் கல்யாணத்துக்கு மாஸ்டர் யட்டியாந்தோட்டைக்கு வந்தார். எங்கள் வீட்டுக்கும் வந்தார், சொல்லாமல். வாசலில் அவர் தொப்பியைக் கழற்றினார். என்னால் அடையாளமே பிடிக்க முடியவில்லை. அந்தக் கறுத்த முடி ஒன்றுகூட இல்லை.

“நீங்கள் பென்ஷனாம் எண்டு கேள்விப்பட்டன்,” என்றார்.

“ஆமாங்க மாஸ்டர். உக்காருங்க.”

இந்திராணி தேத்தண்ணி வைத்தாள். அவர் தோட்டத்தைப் பற்றிக் கேட்டார், நான் மழையைப் பற்றிச் சொன்னேன். கடைசியில் எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே போய் பேஸை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தேன். உறை இல்லை, துணி இல்லை.

“உங்க பொருள், மாஸ்டர். கவனமா வச்சிருக்கச் சொன்னீங்க.” அதற்குமேல் சொல்ல வைத்திருந்த பகிடி ஒன்று இருந்தது. அதை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மாஸ்டர் அதைத் திருப்பினார். வெறும் மரமான முதுகைத் தடவினார். முன்பக்கம் திருப்பி ஒவ்வொரு கீறலாகப் பார்த்தார், கணக்குக் கொப்பி திருத்துகிறவர் மாதிரி. பிறகு குனிந்தார். பாதி குனிந்தவர் நின்றார். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். என் தோளில் துணி கிடக்கிறதா என்று பார்க்கிறார் என்று எனக்கு விளங்கியது.

“பயப்பிடாதையடாப்பா,” என்றார். “இப்ப தலையில எண்ணெயும் இல்லை, மயிரும் இல்லை.”

காதை மரத்தில் ஒட்டி வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான் தட்டுவதற்காகக் காத்திருந்தார். என் விரல் மடங்காததில் முதல் தடவை கம்பி தவறிப்போயிற்று.